கயிற்றைப் பிடித்த கை

கேளுங்க கண்ணுகளா, பெரியவங்களும் பக்கத்தில் வந்து கேளுங்க. ரொம்பக் காலத்துக்கு முன்னால், தெற்கே ஒரு கடற்கரையில், முத்துமேல் ஆசை வைத்த ஒரு ராஜா இருந்தார். அவர் பேர் நமக்கு வேண்டாம். முத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தவர்கள் வேற ஆட்கள். கதை அவர்களுடையது.

அந்தக் கரைக்கு வெண்மணல்துறை என்று பேர். அங்கே ஆண்பிள்ளைகள் தோணியில் போவார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஒரு பாறாங்கல்லைக் காலால் பற்றிக்கொண்டு, கடலுக்குள் இறங்குவார்கள். கல் அடிவரைக்கும் கொண்டுபோய் விடும். அங்கே கிடக்கிற சிப்பியை அள்ளிக் கூடையில் போடுவார்கள். மூச்சு முட்டுகிறபோது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார்கள்.

மேலே தோணியில் ஒருத்தன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சுண்டினது அவன் கைக்குத் தெரியவேண்டும். தெரிந்ததும் இழுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கீழே இருக்கிறவனுக்கு அதில்தான் உயிர்.

அதனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம். கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடிக்க முடியாது. தகப்பன் பிடிக்கக்கூடாது, கூடப்பிறந்தவன் பிடிக்கக்கூடாது, கூட்டாளி பிடிக்கக்கூடாது. கடலில் இறங்குகிறவனுடைய பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்கவேண்டும். ஏன் தெரியுமா? தன் தங்கச்சியின் தாலியை எவனாவது தண்ணீரில் விடுவானா?

இன்னொரு வழக்கமும் உண்டு. முத்துக் குளிக்கத் தொடங்குவதற்கு முந்தின நாள் காலையில், கயிறு பிடிக்கிறவர்கள் எல்லோரும் கடலம்மன் கோயில் முன்னால் நிற்பார்கள். ஒரு மண்பானையில் கடல்தண்ணீர் வைத்திருப்பார்கள். அதில் வலதுகையை முக்கி, "இந்தக் கயித்தை விடணும்னு என் நெஞ்சு ஒருநாளும் நினைச்சதில்ல" என்று சத்தியம் பண்ணவேண்டும். எல்லோரும் மடமடவென்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்தத் துறையில் நல்லாண்டி என்று ஒருத்தன் இருந்தான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே ஒரு தங்கச்சி, பேர் செம்பவளம். அவளை சேந்தனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். சேந்தன் முத்துக் குளிப்பதில் கெட்டிக்காரன். அவன் கயிறு நல்லாண்டி கையில். இரண்டு பேருக்கும் ஒரு சண்டை கிடையாது, ஒரு மனத்தாங்கல் கிடையாது. செம்பவளத்துக்குப் பிள்ளை பிறந்தபோது, சேந்தனைவிட அதிகமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நல்லாண்டிதான்.

ஒருநாள் கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. சேந்தன் உள்ளே போய்விட்டான். நல்லாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது ஒரு நினைப்பு வந்தது.

"விட்டுட்டா என்ன?"

எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கூப்பிடவில்லை, கேட்கவில்லை. ஈ வந்து உட்கார்கிற மாதிரி வந்து உட்கார்ந்தது. "அம்மா தாயே, நானா இப்படி நினைச்சேன்?" என்று நடுங்கிப்போனான்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

அவன் முதலில் விரதம் இருந்தான். ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டு அம்மனைக் கும்பிட்டான். நினைப்பு போகவில்லை. பசியோடு சேர்ந்துகொண்டு இன்னும் பலமாக வந்தது.

அப்புறம் பாட்டுப் பாடிப் பார்த்தான். தோணியில் நின்றுகொண்டு தொண்டை கிழியப் பாடினான். "என்னவே, மீனையெல்லாம் பயமுறுத்தித் துரத்தவா பாடுத?" என்று துடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்குகிற இடத்தில் அது வந்து நின்றது.

கடைசியில் அதோடு சண்டைக்கே போனான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது" என்று உள்ளுக்குள்ளே கத்திக்கொண்டு நின்றான். அந்தச் சண்டையில் கயிறு சுண்டினது அவனுக்குத் தெரியவில்லை.

துடுப்புக்காரன் ஒருத்தன்தான் பார்த்துக் கத்தினான். நல்லாண்டி பதறியடித்து இழுத்தான். சேந்தன் உதடு நீலம் பாரித்து மேலே வந்தான். தோணியில் கிடந்து இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். துப்பிவிட்டுச் சிரிக்கிறான் பாருங்க, அவன் குணம் அப்படி.

"என்ன மச்சான், வீட்டு மீன்கொழம்பு நினைப்பா? என்னையும் அதுல போட்டுருப்பியே!"

நல்லாண்டி சிரிக்கவில்லை. அவனுக்கு இப்போது சந்தேகமே இல்லை. தான் ஒரு கொலைகாரன், அது வெளியே தெரியாமல் இவ்வளவு நாள் இருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

காற்றுக்காலம் வந்து, தோணிகளைக் கரையில் ஏற்றினார்கள். காற்றுக்காலம் போய், மறுபடி முத்துக் குளிக்கிற காலம் வந்தது. கோயில் முன்னால் பானை வைத்தாயிற்று. துறைக்குத் தலைவரைப் பட்டங்கட்டியார் என்று சொல்வார்கள். நரைத்த மீசையோடு அவர் பானைக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொருத்தராக வந்து கையை முக்கிச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

நல்லாண்டி முறை வந்தது. கையை முக்கினான். வாய் திறக்கவில்லை.

"என்னல, வாயில கொழுக்கட்டையா?" என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் சிரித்தது.

"சொல்லு நல்லாண்டி" என்றார் பட்டங்கட்டியார்.

"என்னால சொல்ல முடியாது ஐயா. எனக்கு அந்த நினைப்பு வந்திருக்கு."

சிரிப்பு நின்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஒரே கூச்சல். "தங்கச்சி தாலியை அறுக்க நினைச்சவன்" என்றாள் ஒருத்தி. "இவனை நம்பியா சேந்தன் கடல்ல இறங்கினான்" என்றான் ஒருத்தன். சேந்தன் மட்டும் அடிபட்டவன் மாதிரி நின்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாகையன் வந்தான். இவன் செம்பவளத்தின் பெரியப்பா மகன், அவளுக்கு அண்ணன் முறை. நல்ல உடற்கட்டு, நல்ல குரல். பானையில் முழங்கைவரைக்கும் முக்கினான். "என் நெஞ்சு கண்ணாடி! இந்தக் கயித்தை விடணும்னு அது கனவுலகூட நினைச்சதில்ல!" என்று தெருக்கோடிக்குக் கேட்கச் சொன்னான்.

"இனிமே சேந்தன் கயிறு வாகையன் கையில" என்று பட்டங்கட்டியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் தோணி போகவேண்டும்.

நல்லாண்டி போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய தோணியின் நிழலில் உட்கார்ந்துகொண்டான். யாரும் பக்கத்தில் வரவில்லை. உச்சிவெயிலில் மணலைச் சுடச்சுட மிதித்துக்கொண்டு ஒருத்தி மட்டும் வந்தாள். இடுப்பில் பிள்ளை. செம்பவளம்.

ஏசத்தான் வருகிறாள் என்று நினைத்தான். அவள் வந்து, பிள்ளையை மணலில் விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்த நினைப்பு வரும்போது உன் கை என்ன பண்ணுச்சு?"

"என்னது?"

"கை. உன் கை. அது என்ன பண்ணுச்சுன்னு கேக்கேன்."

"தெரியல தாயி. நான் எங்க கையைப் பார்த்தேன்? நினைப்பைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

செம்பவளம் அதிகம் பேசுகிற பெண் இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டாள். அண்ணன்கிட்டேகூட இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"இவன் பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். தண்ணிக்குப் போனேன். ஒரு கையில பிள்ளை. கிணத்துக்குள்ள குனிஞ்சேன். 'பிள்ளையை உள்ள போட்டுட்டா என்ன?'ன்னு ஒரு நினைப்பு வந்துச்சுண்ணே."

நல்லாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

"செத்துரலாம் போல இருந்துச்சு. பெத்தவளுக்கா இப்படித் தோணும்? நான் பேயா பிசாசா? யாருகிட்டச் சொல்ல? பிள்ளையைத் தூக்கவே பயந்துகிட்டு, அடுத்த வீட்டு அக்காகிட்டயே குடுத்துவச்சேன். பால் குடுக்க மட்டும் வாங்குவேன். எல்லாரும் என்னைச் சோம்பேறின்னு சொன்னாங்க. சொல்லட்டும்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"அந்த அக்கா ஊருக்குப் போயிட்டா. வேற வழியில்லாம இவனைத் தூக்கிக்கிட்டே தண்ணிக்குப் போனேன். வந்துச்சு, அதே நினைப்பு. அன்னைக்கு இவன் வீல்னு அழுதான். ஏன் அழுதான்னு குனிஞ்சு பார்த்தா, என் அஞ்சு விரலும் இவன் இடுப்புல பதிஞ்சிருக்கு. அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கேன். என் காலைப் பார்த்தேன். கிணத்தைவிட்டுத் தள்ளி வந்து நிக்குது. நான் எப்ப பின்னால வந்தேன்னு எனக்கே தெரியல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சுண்ணே. நினைப்பு என்னத்தையாவது சொல்லிட்டுப் போகுது. கை பிள்ளைகிட்டதான் இருக்கு. எது போயிட்டா நாம உசிரோட இருக்கமாட்டோமோ, அதைப் பத்தித்தான் அது பேசும். உனக்குப் பிரியமில்லாத ஒருத்தன் கயிறா இருந்தா உனக்கு இந்த நினைப்பே வந்திருக்காது."

"இப்பவும் வருதா தாயி?"

"எப்பவாவது வரும். வந்தா, வந்துட்டியான்னு பார்ப்பேன். அப்புறம் பிள்ளையைப் பார்ப்பேன். அது பாட்டுக்குப் போயிரும்."

பிறகு அவன் வலதுகையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் அவன் விரல்நகமே அழுந்தி, கறுத்துப்போன தழும்புகள் இருந்தன. இவ்வளவு நாள் அவன் அதைப் பார்த்ததே இல்லை. செம்பவளம் எழுந்தாள். "வா அண்ணே, பட்டங்கட்டியாரைப் பார்ப்போம்."

பட்டங்கட்டியார் தோணிகளுக்கு நடுவில் நின்று பாய் தைக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். செம்பவளம் கொஞ்சம் தள்ளி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஐயா, என் வீட்டுக்காரர் கயிறு எங்க அண்ணன்கிட்டதான் இருக்கணும்."

"நினைப்பு வந்தவன்கிட்ட உசிரைக் குடுக்கச் சொல்றியா தாயி?"

"நீங்க நினைப்பைத்தான் கேட்டீங்க ஐயா. கையை யாரும் கேக்கலியே."

பட்டங்கட்டியார் அவளை உற்றுப் பார்த்தார். "கையை எப்படிக் கேக்கிறது?"

"நான் கேட்டுத் தர்றேன்."

அவள் சொன்னபடி இரண்டு துடுப்பை நட்டு, ஒரு பழைய பாயைத் திரையாகக் கட்டினார்கள். இரண்டு கயிறு கொண்டுவந்தார்கள். ஒன்றின் முனை நல்லாண்டி கையில், இன்னொன்றின் முனை வாகையன் கையில். மறுமுனை இரண்டும் திரைக்குப் பின்னால். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செம்பவளம் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கயிறு எப்போது அசையும், எவ்வளவு அசையும், யாருக்கும் தெரியாது. அசைந்தால் இழுக்கவேண்டும். ஊரே கூடிவிட்டது.

முதல்தடவை மேளம் அடிக்கச் சொன்னார் பட்டங்கட்டியார். காது கிழிய அடித்தார்கள். கயிறு அசைந்தது. இருவரும் இழுத்தார்கள். யாருக்கும் குறைவில்லை.

இரண்டாம்தடவை, கொழுந்தியா முறைக்காரிகள் வாகையனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அத்தான், நெஞ்சு கண்ணாடின்னீங்களே, அதுல பார்த்துப் பொட்டு வச்சுக்கலாமா?" என்றாள் ஒருத்தி. வாகையன் அவளுக்குப் பதில் சொல்லத் திரும்பினான். கயிறு அசைந்தது அவனுக்குத் தெரியவில்லை. நல்லாண்டிக்கும் தெரியவில்லை! ஊர் முன்னால் நிற்கிறோமே என்ற பயத்தில் அந்த நினைப்பு வந்துவிட்டது, அவன் பழையபடி கண்ணை மூடிக்கொண்டு அதோடு சண்டைக்குப் போய்விட்டான்.

"ரெண்டு பேருமே தேறல" என்று கூட்டம் முணுமுணுத்தது. சேந்தன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பொழுது விடிந்தால் கடலில் இறங்கவேண்டியவன் அவன்தானே.

மூன்றாம்தடவை. கூட்டத்தில் ஒருத்தன் ஆரம்பித்தான். "நல்லாண்டி, விட்டுடு! உன் மனசு அதைத்தானே கேக்குது?" இன்னொருத்தன் சேர்ந்துகொண்டான். அப்புறம் எல்லோரும். "விட்டுடு! விட்டுடு! விட்டுடு!" பட்டங்கட்டியார் தடுக்கவில்லை. வாகையன் வேடிக்கை பார்த்துச் சிரித்தான்.

இவ்வளவு நாள் நல்லாண்டி மனசுக்குள் மட்டும் கேட்ட சத்தத்தை இப்போது ஊரே போட்டது. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடப்போனான். மூடவில்லை. "சரி, கத்து" என்று மனசுக்குள் சொன்னான். "கத்திக்கிட்டு இரு. எனக்கு இங்க வேலை இருக்கு."

கண்ணைக் கைக்குக் கொண்டுவந்தான். விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போய்க் கயிற்றை நெரித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தளர்த்திப் பிடித்தான். அப்போதுதான் கயிறு பேச ஆரம்பித்தது. காற்றடித்தால் கயிறு பூராவும் நடுங்குகிறது. பாய் படபடத்தால் ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது. யாரோ ஓடினால் மணல் வழியாக ஒரு அதிர்வு வருகிறது. நினைப்பும் இருந்தது, ஊரின் கூச்சலும் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

காற்றும் இல்லை, பாயும் இல்லை, மணலும் இல்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி ஒன்று வந்தது.

நல்லாண்டி இழுத்தான்.

பாய்த்திரைக்கு அடியிலிருந்து கயிற்றோடு கூடவே வந்தான் ஒருத்தன்! செம்பவளத்தின் பிள்ளை. இரண்டு கையாலும் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு, மணலில் சறுக்கிக்கொண்டு, பொக்கைவாயால் சிரித்துக்கொண்டு வந்து, மாமன் காலடியில் கிடந்தான். அந்தப் பிஞ்சுக்கை இழுத்த இழுப்புத்தான் நல்லாண்டிக்குத் தெரிந்தது. வாகையன் கயிற்றைச் செம்பவளம் விடாமல் சுண்டிக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேந்தன் எழுந்து வந்தான். "என் கயிறு என் மச்சான் கையிலதான். அவன் பிடிச்சா இறங்குவேன். இல்லாட்டி ராஜாவே வந்து இறங்கிக்கட்டும்" என்றான்.

"ஆனா சத்தியம்?" என்று ஒருத்தர் கேட்டார். "நினைச்சதில்லைன்னு அவன் எப்படிச் சொல்லுவான்?"

எல்லோரும் பட்டங்கட்டியாரைப் பார்த்தார்கள். அவர் கோயில் முன்னால் இருந்த பானைக்கிட்டே மெதுவாகப் போனார். தன் வலதுகையை அதில் முக்கினார்.

"நானும் கயிறு பிடிச்சவன்தான். எனக்கும் அந்த நினைப்பு வந்துச்சு. நான் பொய்ச் சத்தியம் பண்ணினேன். என் அக்கா புருசன் தலை தண்ணிக்குள்ள போறப்பெல்லாம், நான் ஒரு ராட்சசன்னு நினைச்சுக்கிட்டேதான் நின்னேன். இந்தத் துறையில நான் ஒருத்தன்தான் அப்படின்னு இவ்வளவு காலம் இருந்துட்டேன்."

மனசுக்குள்ளே அவ்வளவு காலம் தனியாக இருந்த மனுஷர்.

ஒரு கயிற்றுக்காரர் முன்னால் வந்தார். "எனக்கும்" என்றார். இன்னொருத்தர் வந்தார். "எனக்கும்தான்." பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து, கைப்பிள்ளைக்காரி ஒருத்தி செம்பவளத்தின் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டு, "அக்கா, கயிறு பிடிக்கிறவங்களுக்கு மட்டுந்தானா அந்த மாதிரி வரும்?" என்று காதோடு கேட்டாள். "இல்ல தாயி, எல்லாருக்கும்தான்" என்றாள் செம்பவளம். அவள் அப்படியே செம்பவளத்தின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்றைக்கே சத்தியத்தை மாற்றினார்கள். "எந்த நினைப்பு வந்தாலும் என் கண்ணு கயித்துமேல, என் கை கயித்தோட" என்பதுதான் புதுச் சத்தியம். நல்லாண்டி அதைத் திக்காமல் சொன்னான்.

எல்லோரும் கலைந்த பிறகு, கடைசியாக ஒருத்தன் மட்டும் பானைக்கிட்டே நின்றான். வாகையன். நல்லாண்டி போய் அவன் தோளில் கை போட்டான்.

"எனக்கும்தான் வந்துச்சு நல்லாண்டி" என்றான் வாகையன், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "போன வருசம், வேற தோணியில. அதனாலதான் அவ்வளவு சத்தமாச் சொன்னேன்."

"வா, நாளைக்கு என் தோணியில துடுப்புப் போடு. கயித்தை எப்படிக் கேக்கிறதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பழகுவோம்" என்றான் நல்லாண்டி.

ஆகவே கண்ணுகளா, மனசில் வந்துபோகிற நினைப்பை வைத்து உங்களை நீங்களே கெட்டவர் என்று சொல்லிக்கொள்ளாமல், அதோடு சண்டையும் போடாமல், வந்ததை வந்தது என்று பார்த்துவிட்டு, கையில் இருக்கிற உயிரை விடாமல் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.